பொறி பறக்காத ப்ரவுன் பெஸ்: பூட்டைத் திருத்தலாம், குழலைத் திருத்த முடியாது

தம்பி, உங்கள் கேள்வியில் மூன்று குறைகளும் ஒரு விபரீத யோசனையும் இருக்கின்றன. நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில், பிரிட்டனும் அமெரிக்காவும் மோதிய 1812 போரை நடித்துக் காட்டும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். அதற்காக இந்தியாவில் செய்த ப்ரவுன் பெஸ் மஸ்கெட் (பிரிட்டிஷ் சிப்பாய்களின் பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கி) நகல் ஒன்றை ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கினீர்கள். சிக்கிமுக்கிக் கல் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் பொறி வருவதில்லை. பூட்டை, அதாவது கல்லை விழச் செய்யும் இயந்திரத்தை, கழற்றிக் கையில் வைத்து இயக்கினால் ஒழுங்காக ஓடுகிறது, மரக்கட்டையில் பொருத்தியதும் விசை (விரலால் இழுக்கும் ட்ரிகர்) இறுகிவிடுகிறது. பாதி ஏற்றிய நிலையில், கல்லைப் பிடித்திருக்கும் குதிரை சில நேரம் நழுவி விழுகிறது. குழலுக்குள் இருக்கும் மருந்துக்கு நெருப்பு போகும் தீத்துளையைப் போடாமலே அனுப்பியிருக்கிறார்கள், அதை நீங்களே துளைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். பூட்டுத் தகட்டில் ‘டவர் 1762’ (டவர் என்றால் லண்டன் டவர் ஆயுதசாலை) என்று பொறித்திருப்பதால் இது மூலத்தின் அச்சு அசல் என்று விற்றவர் சொன்னாராம்.

துளைக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மற்ற மூன்றில் இரண்டை வீட்டு மேசையிலேயே தீர்த்துவிடலாம்.

அந்த 1762-ஐ முதலில் முடித்துவிடுவோம். உங்கள் துப்பாக்கியின் குழல் 39 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ப்ரவுன் பெஸ் என்பது ஒரே துப்பாக்கி அல்ல, ஒரு குடும்பம். முதலில் வந்த நீள வகைக்கு 46 அங்குலக் குழல், அடுத்து வந்த குட்டை வகைக்கு 42. 39 அங்குலம் என்பது ‘இந்தியா பேட்டர்ன்’. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்காக எளிமையாகவும் மலிவாகவும் செய்வித்த துப்பாக்கி அது. பிரான்சோடு போர் மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டிஷ் அரசு கம்பெனியிடமிருந்தே அவற்றை வாங்கி, 1797-இல் அந்த வகையையே தன் படைக்கும் வைத்துக்கொண்டது. 1812 போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு நடந்தது இதைத்தான். ஆக, 39 அங்குலக் குழலும் 1762 என்ற ஆண்டும் ஒரே துப்பாக்கியில் இருக்க வழியில்லை. போதாததற்கு, அரசுப் பூட்டுகளில் ஆண்டு பொறிக்கும் வழக்கமே 1764-இல் நின்றுவிட்டது. பட்டறையில் ஒரே ஓர் அச்சு இருந்திருக்கும், எல்லாப் பூட்டிலும் அதையே அடித்திருப்பார்கள். நடிப்புக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் எவராவது இதே முத்திரையோடு, செயற்கையாகத் துருவேற்றிய ஒன்றைப் பழம்பொருள் என்று உங்களிடம் விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இனி பூட்டு. நான் டூல் ரூமில் காலம் கழித்தவன். இந்தப் பூட்டுகளைப் பழுது பார்ப்பது ஓய்வு நேர வேலை. பாகங்களின் பெயரை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கல்லைக் கவ்விக்கொண்டு விழுவது குதிரை, பழைய தமிழிலேயே அதற்கு அந்தப் பெயர் உண்டு. கல் வந்து உரசும் எஃகுத் தகடு ஃபிரிசன். அதன் அடிப்பகுதியே கிண்ணிக்கு மூடியும் ஆகிறது. கிண்ணியில்தான் சிட்டிகை வெடிமருந்து இருக்கும். பூட்டின் உட்பக்கத்தில் குதிரையோடு சேர்ந்து சுழலும் துண்டுக்கு டம்ளர் என்று பெயர். நமக்குக் காப்பிதான் நினைவுக்கு வரும், என்ன செய்வது, அதுதான் பெயர். டம்ளரில் இரண்டு வெட்டுகள் இருக்கும், ஒன்று அரை ஏற்றத்துக்கு, மற்றது முழு ஏற்றத்துக்கு. அந்த வெட்டுகளில் மூக்கை நுழைத்துப் பிடித்துக்கொள்வது சியர். விசையை இழுத்தால் சியரின் வால் மேலெழும், மூக்கு விலகும், குதிரை விழும்.

பொறி வராததற்கு ஃபிரிசனைக் குறை சொல்லும் முன் கல்லைப் பாருங்கள். மலிவு நகல்களோடு வரும் கல் பெரும்பாலும் ரம்பத்தால் அறுத்த அகேட் கல். பளபளப்பாக இருக்கும், விளிம்பு மழுங்கலாக இருக்கும். அதை எடுத்து வீசிவிட்டு, கையால் உடைத்துச் செதுக்கிய கல்லாக வாங்குங்கள். இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்து பிராண்டன் ஊர் இதற்கென்றே பேர் போனது. அங்கிருந்து வரும் கறுப்புக் கல் நல்ல கல். விளிம்பில் விரலை வைத்தால் கண்ணாடிச் சில்லுபோல் இருக்க வேண்டும். கல்லை வெறும் இரும்புத் தாடைக்குள் வைத்து இறுக்காதீர்கள். மெல்லிய தோலில் சுற்றி வையுங்கள். கல்லின் விளிம்பு ஃபிரிசன் முகத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். அரை ஏற்றத்தில் ஃபிரிசனை மூடினால் கல்லுக்கும் அதற்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். சாய்வுப் பக்கம் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று ஆளுக்கொரு கட்சி. இரண்டையும் வைத்துப் பாருங்கள், பூட்டே பதில் சொல்லும்.

கல் மாற்றியும் பொறி இல்லையென்றால் ஃபிரிசனின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கல் விழுந்த தடம் அங்கே எழுதியிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில் தொடங்கி, கீழ்வரை மெல்லிய நேர்க்கோடுகளாக இறங்கினால் கோணம் சரி. ஒரே இடத்தில் ஆழமாகக் குழி விழுந்திருந்தாலோ, படிக்கட்டுபோல் குறுக்குப் பள்ளங்கள் இருந்தாலோ, ஒன்று கல் மிகவும் நேராகக் குத்துகிறது, அல்லது இரும்பு மெத்தென்று இருக்கிறது. இந்திய நகல்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அதைச் சோதிக்க எளிய வழி ஒரு புது அரம். ஃபிரிசனின் முகத்தில், ஓர் ஓரமாக, அரத்தின் முனையை வைத்து மெல்லத் தள்ளுங்கள். கடினமான எஃகென்றால் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கும், கீச்சென்று ஒரு சத்தம் வரும், கோடு விழாது. மெத்தென்ற இரும்பென்றால் அரம் கடிக்கும், பற்களில் வெள்ளித் தூள் ஒட்டும். ஒரு முறை ஒரு நண்பர் கொண்டுவந்த பூட்டில் அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவர் முகம் விழுந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் பதினைந்து கல் வாங்கி ஒவ்வொன்றாக உடைத்திருந்தார்.

ஏன் கடினம் வேண்டும்? கல்லுக்குள் நெருப்பு இருக்கிறது என்று சிறு வயதில் நினைத்திருப்போம். பொறி என்பது கல் அல்ல, எஃகு. கூரிய கல் எஃகின் முகத்திலிருந்து தூசு போன்ற சிராய்களைச் சீவி எடுக்கிறது. சீவும் வேகத்திலேயே அவை சூடேறி, காற்றில் பட்டதும் எரிகின்றன. எஃகில் கரி (கார்பன்) சேர்ந்திருந்தால் பொறி வெடித்துச் சிதறும். இரும்பு மெத்தென்று இருந்தால் கல் சீவுவதில்லை, உழுகிறது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கிண்ணி வெறுமையாக இருக்கும்போது ஒரு முறை விடுங்கள். நாலைந்து மங்கிய சிவப்புப் புள்ளிகள் வழியிலேயே அணைந்தால் எஃகு சரியில்லை. வெள்ளைப் பொறிகள் கொத்தாக விழுந்து, கிண்ணியின் தரையில் ஒரு கணம் துள்ளிவிட்டு அணைந்தால் அதுதான் நல்ல பூட்டு.

விற்றவர் உங்களிடம் “சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், சரியாகிவிடும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் இதே வேலைதான். ஆனால் அவர் எடுப்பது லாரியின் வில் பட்டை, அதில் கரி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் ஃபிரிசன் சாதாரண மைல்ட் ஸ்டீலில் செய்ததாக இருந்தால் கரி 0.2 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதை நூறு முறை காய்ச்சித் தோய்த்தாலும் கடினப்படாது. முதலில் கரியை உள்ளே ஏற்ற வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. பழைய வழி, ஃபிரிசனை எலும்புக் கரியும் மரக்கரியும் கலந்த தூளுக்குள் புதைத்து, இரும்புப் பெட்டியில் மூடி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்து, உலையில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்திருந்து, பெட்டியைத் திறந்த வேகத்தில் தண்ணீரில் கொட்டுவது. மேல்தோல் மட்டும் கடினமாகும், உள்ளே இரும்பு மெத்தென்றே இருக்கும். பிறகு அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் நொறுங்கும் தன்மை குறையும். இதில் ஒரு சிக்கல், கடினமான தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நிறையச் சுட்டால் தேய்ந்து பழைய கதைக்கே திரும்பிவிடும். சரியான உலை இல்லாமல் அடுப்புக்கரியில் செய்து பார்த்தவர்கள் கொண்டுவரும் ஃபிரிசன்களில் பாதி வளைந்திருக்கும், கிண்ணியை மூடாது.

நான் விரும்புவது இரண்டாவது வழி. செருப்புக்குப் புது அடித்தோல் தைப்பதுபோல, ஃபிரிசனின் முகத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிக் குறைத்துவிட்டு, அதே கனத்தில் கரி மிகுந்த எஃகுத் தகடு ஒன்றை ஒட்டுவது. 1095 என்ற எண்ணில் கிடைக்கும் எஃகு பொருத்தமானது, அதில் கரி 0.95 சதவீதம். தகட்டை முகத்தின் வளைவுக்கு வளைத்து, தனியாகக் காய்ச்சித் தோய்த்து, மேலே சொன்னபடி 200 டிகிரியில் பதம் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பித்தளைப் பற்று வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டில் கடினம் முழுக்கப் போய்விடும். குறைந்த சூட்டில் உருகும் வெள்ளி கலந்த மெதுப்பற்றும், கீழ் ஓரத்தில் இரண்டு சிறு ரிவெட்டும் போதும். பழைய அரத்தையே வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. நல்ல எஃகுதான், ஆனால் பதம் பார்க்காமல் அப்படியே வைத்தால் ஒரு நாள் சில்லாகத் தெறிக்கும். பூட்டுச் சோதனை எதுவாக இருந்தாலும் கண்ணாடி அணியாமல் செய்யாதீர்கள். கல்லும் தெறிக்கும்.

ஃபிரிசனின் ஸ்பிரிங்கையும் ஒரு பார்வை பாருங்கள். அது குதிரையின் ஸ்பிரிங்கைவிட மிஞ்சிய பலத்தோடு இருந்தால் ஃபிரிசன் பின்னுக்குப் போக மறுக்கும், கல் அதில் மோதி உடையும். நகல்களில் ஃபிரிசனின் குதிகாலும் ஸ்பிரிங்கும் உரசும் இடம் கரடுமுரடாக இருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் அந்த இரண்டையும் பளபளவென்று தேய்த்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பாதிப் பூட்டுகள் உயிர் பெறுகின்றன.

அடுத்தது, கட்டையில் பொருத்தினால் இறுகும் விசை. இது எனக்குப் பிடித்த நோய், ஏனென்றால் மருந்து வீட்டிலேயே இருக்கிறது. பூட்டு வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் மரம் எங்கோ இரும்பைத் தொடுகிறது. எங்கே என்று கண்ணால் தெரியாது. கண் மை டப்பாவை எடுங்கள். டம்ளர், சியர், சியரின் வால், ஸ்பிரிங்குகளின் முதுகு எல்லாவற்றிலும் விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். பூட்டைக் கட்டையில் வைத்துத் திருகுகளை முடுக்கி, குதிரையைக் கையால் பிடித்தபடி மெதுவாக இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். கழற்றினால் மரத்தில் எங்கெங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் தொடுகிறது. சிறு உளியால் அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டுங்கள், ஒரு மயிரிழை. மறுபடி மை, மறுபடி பொருத்தல். ஐந்தாறு சுற்றில் தீர்ந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி சியரின் வால் நுழையும் குழியாக இருக்கும், போதிய ஆழம் தோண்டியிருக்க மாட்டார்கள். அவசரப்பட்டு மரம் குடையும் ரவுட்டர் எந்திரத்தை எடுக்காதீர்கள். பூட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள மரம்தான் பூட்டைத் தாங்குகிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பூட்டை இழுத்துப் பிடிக்கும் பக்கத் திருகுகள். அவற்றை அளவுக்கு மேல் முடுக்கினால் பூட்டு மரத்துக்குள் அமுங்கி, நீங்கள் சுரண்டிய இடம் எல்லாம் வீணாகும். இறுகப் பிடித்ததும் நிறுத்துங்கள். திருகுகளைக் கழற்றும்போது எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் துளைபோட்டுச் செருகி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மரை வேறாக இருக்கும்.

இப்போது மூன்றாவது குறை. அரை ஏற்றத்தில் நழுவும் குதிரை விளையாட்டல்ல. சிப்பாய் மருந்து நிரப்பும் நேரத்தில் துப்பாக்கியைக் காப்பது அந்த ஒரே வெட்டுத்தான். குழல் வெறுமையாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பூட்டைக் கழற்றி அரை ஏற்றத்தில் வைத்து, சியரின் வாலை அழுத்துங்கள், குதிரையைக் கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள். வெளியே அசையாமல் நின்று, கட்டைக்குள் மட்டும் நழுவினால் நல்ல செய்தி. விசையின் தலை நீண்டு எப்போதும் சியரை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது, மூக்கு வெட்டின் அடிவரை போகவில்லை. விசையின் தலையில் கொஞ்சம் அரம் போட்டால் போதும், அரை ஏற்றத்தில் விசை சற்றே ஆட வேண்டும்.

வெளியேயும் நழுவினால் வெட்டு ஆழமில்லை, அல்லது சியரின் மூக்கு மழுங்கியிருக்கிறது, அல்லது இரண்டுமே கடினமாக்காத பச்சை இரும்பு. அங்கே அரத்தை வைக்காதீர்கள். அந்த வெட்டின் கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் விசையைத் தொடாமலே விழும் துப்பாக்கி கிடைக்கும். டம்ளரும் சியரும் சேர்த்து மாற்றப்பட வேண்டும். தனியாகக் கிடைக்கும் வார்ப்புப் பாகங்கள் இந்திய நகல்களில் அப்படியே பொருந்துவதில்லை, கையால் செய்யப்பட்டவை என்பதால் ஒவ்வொன்றின் அளவும் வேறு. இந்தக் கட்டத்தில் பூட்டை ஒரு துப்பாக்கிப் பழுதாளரிடம் அனுப்புங்கள், அல்லது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிரிசனுக்குப் புதுத் தகடு, டம்ளர், சியர், கூலி எல்லாம் சேர்ந்தால் நல்ல நகலுக்கும் இதற்குமான விலை வித்தியாசத்தை விழுங்கிவிடும். என்னைக் கேட்டால் டம்ளரும் போன பூட்டை நான் தொட மாட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சரியாக இருந்தாலும் சிக்கிமுக்கிப் பூட்டு ஏமாற்றும். 1834-இல் லண்டனை அடுத்த உல்விச்சில் சோதித்தபோது சிக்கிமுக்கித் துப்பாக்கி 6,000 முறையில் 922 முறை தவறியது, அதாவது ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று. கல்லுக்குப் பதில், தட்டினால் வெடிக்கும் சிறு கேப் வைத்துச் சுடும் புதுப் பூட்டு 36 முறைதான் தவறியது. அரசு ஆயுதசாலை செய்த துப்பாக்கிக்கே அந்தக் கதி. எனவே பத்தில் எட்டு முறை பொறி விழுந்தால் சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

கடைசியாகத் தீத்துளை. அதைப் போடாமல் அனுப்புவது மறதியால் அல்ல, சுட முடியாத காட்சிப் பொருள் என்ற பெயரில் எல்லை தாண்டுவதற்காக. துளை போடுவது கால் மணி நேர வேலை என்பதுதான் இதில் ஆபத்து. பூட்டில் தவறு செய்தால் பொறி வராது. குழலில் தவறு இருந்தால் உங்கள் இடது கையும் பக்கத்தில் நிற்பவர் முகமும் போகும். குழல் எந்த எஃகு, முழுக் கம்பியைக் குடைந்ததா, பற்றவைத்த குழாயா, பின்புற அடைப்பின் மரை எத்தனை சுற்று பிடித்திருக்கிறது, எதுவும் வெளியிலிருந்து தெரியாது. அரத்தாலும் கண் மையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிரிட்டனில் இதற்கென்று சோதனைச் சாலைகள் இருக்கின்றன. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டு, தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை. கனடாவில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. அதோடு, அங்கே 1897-க்குப் பின் செய்த சிக்கிமுக்கி நீள் துப்பாக்கி நகல்கூடச் சட்டப்படி பழம்பொருள் வகைக்குள் வந்துவிடுகிறது. உரிமம் கேட்பதில்லை என்பதால் பலர் அதைப் பத்திரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் உங்கள் குழலைப் பரிசோதித்துப் பார்த்ததில்லை. குண்டு வைக்கப் போவதில்லை, வெறும் மருந்துதான் என்று நீங்கள் சொல்லலாம். அடைத்த குழாய்க்குள் எரியும் மருந்துக்கு அழுத்தம் உண்டு, மோசமான மரைக்கு அது போதும்.

ஆகவே துளை வேண்டுமென்றால் கரிமருந்துத் துப்பாக்கிகளில் பழகிய பழுதாளர் ஒருவர் பின் அடைப்பைக் கழற்றிப் பார்த்து, எழுத்தில் சரி என்று சொன்ன பிறகு அவரே போடட்டும். அவர் வேண்டாம் என்றால் குழலை அப்படியே விட்டுவிட்டு, பூட்டில் பொறி மட்டும் காட்டும் அணிவகுப்புத் துப்பாக்கியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு குழல் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் எதையும் கழற்ற வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் குற்றம், போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதும் குற்றம்.

நீங்கள் இந்த வாரம் கல்லை மாற்றி, அரத்தை வைத்துப் பார்த்து, இருட்டில் ஒரு முறை விட்டுப் பாருங்கள். பொறியின் நிறம், அது கிண்ணிக்குள் விழுகிறதா முன்னால் சிதறுகிறதா, கல்லின் சாய்வு எந்தப் பக்கம் இருந்தது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.